எழவு வீட்டில் வெந்த சோறு

ஜேடர்பாளையம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், இன்று காலை வெறும் வயிற்றில் அப்பாவுக்குச் சுகர் நூற்றுப் பதினெட்டு, எனக்கு வழக்கமான முழங்கால் வலியைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், நீயும் நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அது யார் யார் காதுக்கெல்லாம் போகுமோ தெரியாது, நம் சொந்தக்காரர்கள் குரூப் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் நான் இளகிவிடுவேன். இந்த விஷயத்தில் இளகக்கூடாது என்று முடிவு செய்துதான் பேப்பரை எடுத்தேன். சத்துணவு மையத்து ரிஜிஸ்டரில் இருபத்தேழு வருஷம் எழுதிய கை இது, எழுத எழுத எனக்குத் தைரியம் வரும்.

போன வாரம் போனில் நீ எனக்கு ஒரு வழி சொன்னாய். பெரியப்பா கருமாதி அன்றைக்குப் பங்காளிகள் கூடி, எழவு வாசலில் ஏன் சமைத்தாய் என்று கேட்டால், அம்மா, அது கரண்டு குக்கர்தானே, அதில் நெருப்பே இல்லையே, நான் அடுப்பு மூட்டவே இல்லை என்று சொல்லிவிடு, அவர்களும் சரி என்று விட்டுவிடுவார்கள், எதற்கு நாலு பேர் முன்னால் வம்பு என்றாய். நல்ல யோசனைதான், படித்த பிள்ளையின் யோசனை. வெள்ளிக்கிழமை கருமாதி முடிந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய். ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் மிச்சமெல்லாம் எழுதுகிறேன். உனக்கு அரைகுறையாகத்தான் விஷயம் தெரியும், அப்பா மயங்கி விழுந்ததை நான் உன்னிடம் மறைத்தேன், அதையும் இதில் எழுதுகிறேன், பதறாமல் படி.

வெள்ளியங்கிரி பெரியப்பா இறந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எப்படி இருந்தது என்றால், ஆறரை மணிக்கு நான் கேஸில் இட்லிக்கு ஊற்றி வைத்திருந்தேன், உன் அப்பா வழக்கம்போல வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பேப்பரை விரித்திருந்தார். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் அவர் சாப்பிட்டாக வேண்டும், நான்கு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து உன் பெரியம்மா செல்லாயி அக்காவின் சத்தம் கேட்டது. எதிர்வீடு என்று என்ன, அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வாசல்தானே, பத்தடி தூரம் ஓடினோம். பெரியப்பா கட்டிலிலேயே போய்விட்டிருந்தார், நெஞ்சுவலி என்று சொல்லக்கூட நேரம் இல்லாமல். அப்பா அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, எழவு விழுந்த வாசலில் பிணம் எடுக்கும்வரை பங்காளி வீடுகளில் அடுப்பு எரியக்கூடாது என்ற பழக்கத்தில், யாரும் சொல்லாமலே திரும்பி ஓடிவந்து என் கையாலேயே கேஸை அணைத்தேன். பாதி வெந்த இட்லி அப்படியே சட்டியில் இருந்தது. ஊசி போட்ட மனுஷன் ஒருவர் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. இருநூறு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை மணி தாண்டாமல் சோறு போட்டவள் நான். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எட்டு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அண்ணன் போன துக்கம் என்று எல்லாரும் விசிறினார்கள், தனபால் பெரியப்பா சோடா வாங்கி வரச் சொன்னார். நான் கையைத் தொட்டேன், ஜில்லென்று நடுங்கியது. சுகர் மிஷினில் பார்த்தால் ஐம்பத்திரண்டு. நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சர்க்கரைத் தண்ணீர் அந்த நேரத்துக்கு ஆகும், பின்னாலேயே சோறு போக வேண்டும். அடுப்பு மூட்டக்கூடாது, அவர் சாப்பிடாமலும் இருக்கக்கூடாது, என்ன செய்வது என்று சமையல்கட்டைப் பார்த்தபோது நீ தீபாவளிக்கு அனுப்பிய கரண்டு பிரஷர் குக்கர் மேடையில் இருந்தது. உன்னைப் போலவே எனக்கும் அந்த யோசனைதான் தோன்றியது, கரண்டுக்கு யாரும் விதி சொல்லவில்லையே என்று. பச்சரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மஞ்சள், எல்லாம் போட்டு நம் அரிசியும்பருப்புச் சோறு வைத்துப் பொத்தானை அமுக்கினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் வெந்துவிட்டது, அதுவரை ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மூடி திறக்க வேண்டுமே, தானாக ஆவி அடங்க இன்னும் கால்மணி நேரம் ஆகும், எனக்குப் பொறுமை இல்லை, ஆவி விடும் திருகைத் திருப்பிவிட்டேன். அது போட்ட சத்தம் உனக்குத் தெரியாததில்லை, உன் ஃப்ளாட்டிலும் ஒன்று வைத்திருக்கிறாய். வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

தனபால் பெரியப்பாதான் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், பங்காளிகளில் மூத்தவர், லாரி ஆபீஸை மகனிடம் விட்டுவிட்டு இப்போது கோயில் காரியம் மட்டும் பார்ப்பவர், கெட்டவர் இல்லை. எழவு வாசலில் சோறு பொங்கலாமா என்று கேட்டார். அடுப்புப் பற்றவைக்கவில்லை மாமா, கரண்டுதான் என்றேன், அவருக்குச் சுகர் இறங்கிவிட்டது என்றும் சொன்னேன். அதற்கு ஓட்டல் இட்லி வாங்கி வரச் சொல்லியிருக்கலாமே, இதோ பக்கத்து வேலூருக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்றார். போய்வர முக்கால் மணி நேரம் ஆகும், அவருக்கு அவ்வளவு நேரம் தாங்காது என்று நான் சொல்லும்போதே, தட்டை மடியில் வைத்திருந்த உன் அப்பா அதைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வாய்தான் போயிருந்தது. அண்ணன் கிடக்கும்போது தின்கிறான் என்று நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று வெட்கம். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் தட்டோடு சோற்றை வாசலில் கொட்டியிருப்பேன், அரிசியைக் கொட்டிப் பழக்கமில்லாத கை என்பதால் மூடி வைத்தேன், அப்புறமும் அவர் அதைத் தொடவில்லை.

அப்போதே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பதிலுக்கு என்ன செய்தேன் என்றால் திருட்டுத்தனம் செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தோஷ்குமார் அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து அவன் அம்மாவுக்கு என்று ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்தானே, பீங்கான் சட்டி வைத்தது, சாய்ந்த முள்ளு பிளக், நம் ஊர் பாயிண்டில் சொருக ஒரு அடாப்டரும் கூடவே. எட்டு மணி நேரம் கரண்டு எரிகிற சட்டி எனக்கு எதற்கு என்று செல்லாயி அக்கா அதை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு அது பிடித்துப்போனது. கொள்ளு அதில் வெந்தால் தண்ணீர் வற்றாமல் அப்படியே நிற்கும், அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தால் பிரஷர் குக்கர் கொள்ளு கிட்டேயே வர முடியாது. எது நல்லது என்று நீ போன மாதம் கேட்டதற்கும் இதுதான் பதில், பருப்பும் சோறும் அவசரத்துக்குப் பிரஷர் குக்கர், கொள்ளு, எலும்பு ரசம், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக்கு மற்றது. ஸ்லோ குக்கரில் அரிசி போட்டால் குழைந்து கஞ்சிதான் ஆகும். ராஜ்மாவை மட்டும் ஊறவைத்து நேராக அதில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகாதே, முதலில் தனியாகத் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடு, மெதுவான சூட்டில் அதன் விஷம் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதில் சத்தமே வராது, அதுதான் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் வைத்தால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும் என்று, புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனேன்.

காலை பதினொரு மணிக்குக் கஞ்சிக்கு அரிசியும் பாசிப்பயறும் போட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகிவிட்டு வந்தேன். ஆறரைக்கு வெந்துவிடும் என்று கணக்கு. சந்தோஷ்குமாருக்கு டிக்கெட் கிடைத்து வந்துசேர வியாழக்கிழமை ஆகும் என்று தகவல் வந்தது, அவன் வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கே ஒரு நாளாம். அதுவரை பெரியப்பாவை ஐஸ் பெட்டியில் வைப்பது என்று முடிவானது. அப்படியென்றால் மூன்று நாள். நாமக்கல் டாக்டரிடம் போனில் கேட்டேன், ஊசியை நிறுத்தக்கூடாது, கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், ஆனால் போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். பகலெல்லாம் அப்பாவுக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு வாழைப்பழம்தான் கொடுக்க முடிந்தது. சாயங்காலம் காதோடு சொன்னேன், ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து வாருங்கள், மோட்டார் ரூமில் கஞ்சி இருக்கிறது என்று. சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

தனம், தோட்டத்து லைனில் முறை வைத்துத்தான் கரண்டு வரும் என்று இந்த ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அந்த வாரம் நமக்குக் காலை முறை. மதியம் ஒரு மணிக்கு லைன் நின்றுவிடும். முப்பத்தைந்து வருஷமாக அந்த முறையைப் பார்த்து வாழைக்குத் தண்ணீர் விட்ட எனக்கு அன்றைக்கு அது நினைவில் இல்லை, ஒளித்து வைப்பதிலேயே புத்தி முழுவதும் போய்விட்டது. ஆறரைக்கு நான் கிளம்பும்போது ஒப்பாரிக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள், விடுவித்துக்கொண்டு போவதற்கு முக்கால் மணி நேரம் தாமதம். போய்ப் பார்த்தால் சட்டியில் வெதுவெதுத் தண்ணீரில் அரிசி அரிசியாகவே கிடக்கிறது. உன் அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் கரண்டி. பசி பொறுக்காமல் அந்த வேகாத அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றிருக்கிறார், கடைவாயில் வழிந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது, என் பெயருக்குப் பதில் அவர் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் தலை தொங்கிவிட்டது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த குளுக்கோஸை உதட்டுக்கு உள்ளே கன்னத்தில் தேய்த்தேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன், இவரை எழுப்பிவிடு, இவரை எழுப்பிவிடு என்று நம் குலசாமியைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன். கும்பிட்டேன் என்று எழுதினால் பொய், திட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கண் திறந்தார். கையோடு கொண்டுபோயிருந்த மிஷினில் பார்த்தால் நாற்பத்தொன்று.

அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவரை வீழ்த்தியது பங்காளிகள் இல்லை, நான்தான். சோறு போடுவதற்கு வெட்கப்பட்டு ஒளித்தேனே, அதுதான். அவர் கொஞ்சம் தெளிந்ததும் தோளில் கைபோட்டு நடத்திக் கூட்டி வந்தேன், இன்னொரு கையில் அந்தச் சட்டி, இந்த முறை தலைப்புப் போட்டு மூடவில்லை. நேராக வாசலுக்கு வந்தேன். வீட்டுக்குள் போய் உன் குக்கரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் எடுத்து வந்து, பந்தலுக்கு ஓரமாக ஐஸ் பெட்டிக்கு எட்டடி தள்ளி முக்காலியில் வைத்தேன். பாதி ஊறின அரிசியை அதில் கொட்டி, உப்புப் போட்டு, எல்லாரும் பார்க்க மூடினேன். யாராவது பிளக்கைப் பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். யாரும் கிட்டே வரவில்லை. ஆவி விடும் நேரம் வந்தது, அடங்கட்டும் என்று காத்திருக்கலாம், ஆனால் வேண்டுமென்றேதான் திருப்பினேன். போடட்டும் சத்தம் என்று இருந்தது எனக்கு.

உன் அப்பாவுக்கு முதல் கிண்ணம். அவர் இந்த முறை கீழே வைக்கவில்லை, அண்ணன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே குடித்தார், அழுதுகொண்டே குடித்தார். அப்புறம் பங்காளி வீட்டுக் குழந்தைகள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றன, காலையிலிருந்து பிஸ்கட்டைத் தின்று அலுத்திருந்தன, ஊற்றினேன். அவர்கள் அம்மாக்கள் தடுக்கவில்லை, திரும்பி நின்றுகொண்டார்கள். கடைசியாக ஒரு கிண்ணத்தைச் செல்லாயி அக்காவிடம் கொண்டுபோனேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கிண்ணத்தை எடுக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் இருக்கிற புருஷன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார், இரண்டு கரண்டி. அடுத்த இரண்டு நாளும் மூன்று வேளையும் அதே முக்காலியில்தான் சமைத்தேன். வியாழக்கிழமை சந்தோஷ்குமார் வந்து பெரியப்பாவை எடுத்தோம். இதெல்லாம் உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் நீ அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய் என்றுதான் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இனி வெள்ளிக்கிழமை கருமாதிக்கு வருகிறேன். பதினாறு நாளும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது, சபையில் இவள் தப்பை ஒத்துக்கொண்டு விழுந்து கும்பிட வேண்டும் என்று. காலை ஏழு மணிக்குச் சடங்கு முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் பங்காளிகள் பந்தலில் உட்கார்ந்தார்கள். தனபால் பெரியப்பா பெரிய மனுஷன்தான், என்னை அவமானப்படுத்த அவருக்கு ஆசை இல்லை. நீ சொன்ன அதே வழியை அவரே எடுத்துக் கொடுத்தார். "ஏம்மா, நீ பத்த வெச்சது அடுப்பு இல்லே, கரண்டு பாத்திரம். அடுப்பு இல்லைன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிப் போடு சாமி, தப்பே நடக்கலைன்னு முடிச்சுக்கலாம்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், சந்தோஷ்குமார்கூடச் சொல்லுங்க சித்தி என்று கண்ணாலேயே கெஞ்சினான். மன்னிப்பு இல்லை, காலில் விழுவது இல்லை, ஒரே ஒரு வார்த்தை.

நான் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அடுத்த எழவு விழும் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், அவள் புருஷனுக்கு ஊசி இருக்கும், அல்லது கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டியிருக்கும், ஜெர்மனியிலிருந்து குக்கர் வாங்கி அனுப்ப அவளுக்கு மகள் இருக்க மாட்டாள். கேஸ் அடுப்புதான் இருக்கும். அவள் அடுப்பைத் தொட்டால் தப்பு, நான் பொத்தானை அமுக்கினால் தப்பில்லை என்று இந்தச் சபையில் என் வாயாலேயே எழுதி வைத்துவிட்டுப் போவதா? அப்புறம் இன்னொன்றும் உண்டு. ஒளித்து வைத்துச் சமைத்ததற்குக் கிடைத்த பலனை நான் மோட்டார் ரூம் தரையில் பார்த்துவிட்டேன். இந்த வார்த்தையும் இன்னொரு தலைப்புப் போட்டு மூடுவதுதான். அதனால் சொன்னேன். "அது அடுப்புத்தானுங்க மாமா. சோறு வெந்துச்சுன்னா அது அடுப்புத்தான். அன்னைக்குக் கரண்டு இல்லைன்னா கேஸைப் பத்த வெச்சிருப்பேன், கேஸ் இல்லைன்னா மூணு கல்லு வெச்சு வெறகு போட்டிருப்பேன். நான் பண்ணுன தப்பு ஒண்ணுதான், மொத வேளைக்கு அடுப்பை அணைச்சது. அதுக்கு யார்கிட்டக் கேக்கணுமோ அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

செல்லாயி அக்கா வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தேன், என் கையால் குடித்தவர்தானே. திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் வருத்தம் இருக்கிறது. அவர் இனி அந்த வாசலில் பங்காளிகளோடுதான் காலம் தள்ள வேண்டும், அதுவும் எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் வருத்தம் வருத்தம்தான். அப்போது உன் அப்பா எழுந்தார். சபையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தார், வீட்டில் என் முன்னால்கூடத் திரும்பி நின்று போட்டுக்கொள்கிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் பனியனைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டார். பேனாவை மூடினார். "ஊசி போட்டாச்சுங்க. இன்னும் அரை மணி நேரத்துல எனக்குச் சோறு வேணும். எங்க ஊட்ல அடுப்பு எரியுது, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தார். நானும் பின்னால் வந்துவிட்டேன். தோசை ஊற்றினேன், கேஸ் அடுப்பில்தான். நான்கு தின்றார், வழக்கத்தைவிட ஒன்று கூட.

மத்தியானமே தகவல் வந்தது. மாசி மாதம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் சேர்ந்து வைக்கிற பொங்கலுக்கு நமக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்களாம், வரிசையில் நம் பானை இருக்காதாம். வலிக்கவில்லை என்று நினைக்காதே. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வரிசையில் மூன்றாவது பானை என்னுடையது, நீ பிறந்த வருஷம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பொங்கல் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை நினைத்து நன்றாக அழுதேன். ஆனால் அழுதேன் என்பதால் மனசு மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமி மாசியில் ஒரு நாள் மட்டுமா அங்கே இருக்கிறது, வேறொரு நாள் நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போய் மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொள்வோம். அன்றைக்கு நான் திட்டினதற்கும் சேர்த்து அங்கேயே பேசிக்கொள்கிறேன். நீ யாருக்கும் போன் செய்து எனக்காக மன்னிப்புக் கேட்காதே. தனபால் பெரியப்பாவுக்குப் பேசுவாய் என்று எனக்குத் தெரியும், பேசினால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவருக்கும் சுகர்தான், அவரும் அந்த மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்போது நான் எழுத வந்ததின் முக்கியமான இடம். போனில் இதைச் சொன்னால் நீ சொல்லவிட மாட்டாய், வாயை மூடு அம்மா என்பாய். அப்பாவோ நானோ, யாராவது ஒருவர் ஒரு நாள் முந்திக்கொள்வோம். நீ ஏழு கடல் தாண்டி இருக்கிறாய். ஒரு நாளில் வர முடிந்தால் வா, முடியாவிட்டால் என்னை ஐஸ் பெட்டியில் வைத்து உனக்காகக் காக்க வைக்கக்கூடாது, நான் சொன்னேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ வந்து பார்க்கவில்லை என்று என் ஆத்மா ஒன்றும் அலையாது, நீ பிறந்த நாளிலிருந்து உன் முகத்தைப் போதும் போதும் என்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏற்றினேன். நான் போன அன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு அணையக்கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் சாப்பிட வேண்டும், உன் அப்பா இருந்தால் அவருக்கு நேரம் தவறாமல் முதலில் போட வேண்டும். என் பக்கத்திலேயே வைத்துச் சமைக்கட்டும், சத்தம் வந்தால் வரட்டும், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அங்கே உனக்குச் செய்தி வந்ததும் டிக்கெட் பார்க்க உட்காராதே. எழுந்து போய் அரை டம்ளர் அரிசியும் ஒரு கைப் பருப்பும் களைந்து போடு. வெந்ததும் தட்டில் போட்டு உட்கார்ந்து முழுவதும் சாப்பிடு. அழுகை வரும், வரட்டும், நிறுத்தாதே, அப்பா அன்றைக்கு வாசலில் அப்படித்தான் குடித்தார். ஆனால் தட்டைக் கீழே வைக்காதே. எனக்கு நீ செய்ய வேண்டிய காரியம் அது ஒன்றுதான், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வேலையும் நல்ல பசியும் என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். இந்தக் கடிதத்தைப் பத்திரமாகப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையில் வை, மறந்துவிடாதே.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
பிரபாவதி
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு)